சுடும் முன்னே சுருங்கும் உடல்

தீபாவளியன்று லட்சுமி வெடிக்குத் திரி கொளுத்தும் பையனைக் கவனித்துப் பாருங்கள். ஊதுவத்தி திரியைத் தொடுவதற்கு முன்பே முகம் திரும்பிவிடும்; கண் மூடிக்கொள்ளும்; தோள் காது வரைக்கும் ஏறிவிடும். பல சமயம் நெருப்பு திரியில் பட்டிருக்கவே படாது. ஆனால் பையன் பத்தடி தூரம் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். சுற்றி நிற்கும் நாம் சிரிப்போம். ஊசி போடும் டாக்டர் பஞ்சால் துடைக்கும்போதே கையை இறுக்கிக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்தும் சிரித்திருக்கிறோம்.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இதே சங்கதிக்கு 'பிளிஞ்ச்' என்று பெயர். வெடிச் சத்தமும் துப்பாக்கியின் உதையும் வரப்போகின்றன என்பதை உணர்ந்து, அவை வருவதற்கு முன்னாலேயே உடல் தானாகச் சுருங்கிக்கொள்வது. நம் மொழியில் 'துணுக்கம்' என்று நல்ல சொல் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதையே எழுதுகிறேன்.

'தங்கம் தோண்டிய ஊர்க்காரருக்கும், ரயில்வேயில் குப்பை கொட்டியவருக்கும் துப்பாக்கி எதற்கு?' என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வெளியூர்களில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று கிரிக்கெட், கேரம் என்று நிற்பதில்லை. துப்பாக்கி சுடுதலிலும் இறங்குகிறார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் ஒலிம்பிக் வரை போனதை நாம் அறிவோம். பறக்கும் தட்டைச் சுடும் 'டிராப்' போட்டியில் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் நம் நாட்டுக்காக ஆடி வருகிறார். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் அவரும், கைனன் செனாயும், ஜோராவர் சிங் சந்துவும் சேர்ந்து அணிக்கான தங்கத்தை வென்றார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தொண்டைமான் கலந்துகொண்டார். இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளைகள் 'நானும் போகிறேன்' என்று சொல்லும்போது, பெற்றோருக்கு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. தவிர, இந்தத் துணுக்கம் என் அக்கா மகனையே பிடித்து ஆட்டிய கதையும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பறக்கும் தட்டு

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டுக் கனவான்கள் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டு விளையாடினார்கள். பிறகு கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டார்கள். 1880ஐ ஒட்டி அமெரிக்காவில் சுட்ட களிமண் தட்டுகள் வந்தன. இன்று பெயரில் மட்டும்தான் களிமண் உண்டு. தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து அச்சில் வார்த்த தட்டுகளே பயன்படுகின்றன. விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். நம் வீட்டு ஊறுகாய்த் தட்டு அளவுதான்.

ஒலிம்பிக் டிராப் போட்டியில் சுடுபவருக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் 15 எறியும் இயந்திரங்கள் மறைந்திருக்கும். அவர் குரல் கொடுத்ததும் அவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து தட்டு பாயும். இடமா, வலமா, உயரமா, தாழ்வா என்பது முன்கூட்டித் தெரியாது. சுடாமல் விட்டால் 76 மீட்டர் தூரம் போய் விழும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். நம் எக்ஸ்பிரஸ் வண்டி மெயின் லைனில் போகும் வேகத்தில் ஓர் ஊறுகாய்த் தட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து, துப்பாக்கியைத் திருப்பி, விசையை இழுக்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். தகுதிச் சுற்று முழுவதற்கும் 125.

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பிகானிர் மகாராஜா டாக்டர் கர்ணி சிங். 1960 ரோம் முதல் 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டார். 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். டில்லி துக்ளகாபாத் சுடுதளம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 'டபுள் டிராப்' பிரிவில் வெள்ளி வாங்கினார். 2006இல் மானவ்ஜித் சிங் சந்து டிராப் உலகச் சாம்பியன் ஆனார். அரண்மனைக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் மட்டும் ஆடிய ஆட்டம் இப்போது சம்பளக்காரர் வீட்டுக்கும் வந்திருக்கிறது. செலவு அதிகம்தான். அது வேறு கதை.

துணுக்கம் செய்யும் வேலை

தோட்டாவின் பின்புறம் ஊசி தட்டியதும், சில மில்லி விநாடிகளில் ஈயக் குண்டுகள் குழாயை விட்டு வெளியேறிவிடுகின்றன. ஒரு பெரிய சத்தத்துக்கு மனிதனின் கண் இமைக்கவே சுமார் 40 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே வெடித்த பிறகு உடல் எவ்வளவு பதறினாலும் குறி தவறாது, குண்டு போய்விட்டது. கெடுதல் செய்வது வெடிப்பதற்கு முன் வரும் பதற்றம்தான். முதுகு விறைக்கும், முன்கை இறுகும், துப்பாக்கியின் முனை ஒரு விரற்கடை தாழும். முனையில் விரற்கடை என்றால் முப்பது மீட்டர் தள்ளி அது ஒரு முழத்துக்கும் மேலாகிவிடும். தட்டு சிரித்துக்கொண்டே போய்விடும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நான் மேலே சொன்ன முன்னதாகச் சுருங்குதல். மற்றது இன்னும் விசித்திரமானது. தட்டு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, துப்பாக்கியும் சரியான இடத்தில் இருக்கிறது, 'இழு' என்று மனம் சொல்கிறது, ஆனால் விரல் கேட்பதில்லை. விரல் மறுக்க, உடம்பு மட்டும் முன்னால் ஒரு குலுங்கு குலுங்கும். பார்ப்பவர்களுக்குத் தும்மல் வந்து அடங்கியது போல இருக்கும். கோல்ப் ஆட்டக்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் குழியில் பந்தைத் தள்ள முடியாமல் கை உதறுவதும் இதற்கு உறவுதான். ஆயிரக்கணக்கான முறை செய்த ஒரே செயலில், திறமை உள்ளவர்களுக்கே இது வரும் என்பது கவனிக்க வேண்டியது. புதிதாக வந்தவருக்கு வருவது முதல் வகை. பழுத்தவருக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை.

துணுக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பக்கத்தில் நிற்பவர் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டுக் கொடுக்கிறார். சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை டம்மி. சுடுபவருக்கு எது என்று தெரியாது. டம்மி வந்த சமயம் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். உதையும் இல்லை, வெடியும் இல்லை. ஆனால் துப்பாக்கி முனை குபீரென்று கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம். ஒளிக்க இடமில்லாத சோதனை இது.

சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் கற்றது

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெடிச் சத்தம் புதிதல்ல. வடஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. 2001 பிப்ரவரியில் மூடப்படும் வரை உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களின் வரிசையில் அதற்கு இடம் இருந்தது.

அங்கே இரண்டு வகைச் சத்தங்கள் உண்டு. ஒன்று நாமே வைக்கும் வெடி. துளை போட்டு, மருந்து கெட்டித்து, ஆட்கள் விலகிய பிறகு நேரம் பார்த்து வைப்பது. அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். இன்னொன்று 'ஏர் பிளாஸ்ட்'. பாறையைத் தோண்டி எடுக்க எடுக்க, மேலே இருக்கும் பாரமெல்லாம் மிச்சமிருக்கும் பாறையின் மேல் ஏறும். தாங்கும் வரை தாங்கிவிட்டு ஒரு நாள் அந்தப் பாறை தானே வெடித்துச் சிதறும். நேரம் காலம் கிடையாது. கீழே வேலையில் இருப்பவர்களுக்கு உயிர் ஆபத்து. மேலே லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும், சுவர் விரிசல் விடும். சத்தம் கேட்டதும் எங்கள் தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து, யார் யார் வீட்டு ஆண்கள் எந்த ஷிப்டில் இறங்கியிருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். இந்தப் பாறை வெடிப்பை ஆராய்வதில் தங்கவயலுக்கு உலகப் பெயர் உண்டு. 1988இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் எங்கள் சாம்பியன் ரீப்ஸில்தான் தொடங்கப்பட்டது.

சிறு வயதில் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. ஏர் பிளாஸ்டில் ஒரு முறை அகப்பட்டு வெளியே வந்தவர்கள், வீட்டில் ஒரு தகர டப்பா விழுந்தாலும் துள்ளி எழுவார்கள். இவர்கள் கோழைகளா? மறுநாள் அதே கேஜில் ஏறி அதே ஆழத்துக்கு இறங்கியவர்கள்! மனசு துணிந்திருந்தது, உடம்பு மட்டும் பட்ட அடியைக் கணக்கு வைத்திருந்தது. துணுக்கம் என்பது மனத்தின் கோழைத்தனம் அல்ல, உடலின் ஞாபகம் என்பதை எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்திருந்தார்கள்.

அக்கா மகன் கதை

டில்லியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஐந்தாறு வருடங்களாக வார விடுமுறையில் டிராப் சுடுகிறான். 25க்கு 20, 21 என்று நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று 14, 13 என்று இறங்கிவிட்டது. கண் டாக்டரிடம் போனான். கண்ணில் குறை இல்லை. பிறகு ஒரு நண்பர் கைபேசியில் படம் எடுத்துக் காட்டியபோதுதான், விசையை இழுக்கும் முன் தன் தலை தூக்கிப் போடுவதை அவனே பார்த்தான்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, உறவுக்காரப் பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணா, துப்பாக்கிக்காரனே துப்பாக்கிக்குப் பயப்படலாமா?" என்று கேலி செய்தார்கள். அவன் முகம் வாடிவிட்டது. அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அக்காவின் கணவர், இருபத்தைந்து வருடம் சாம்பியன் சுரங்கத்தில் இறங்கியவர், "ஏர் பிளாஸ்ட் சத்தம் கேட்டவன் எவனும் இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டான்டா. உடம்பு தன்னைக் காப்பாத்திக்கப் பாக்குது. அதைத் திட்டினா கேக்காது" என்றார். பையன்கள் அடங்கிவிட்டார்கள்.

அன்று மாலை அவன் என்னிடம், "மாமா, துப்பாக்கியில் ஒரு மாற்றம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். நீங்கள் மெக்கானிகல் ஆளாச்சே, பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். நான் படித்தது டிப்ளமாதான். ஆனால் உதை, அதிர்ச்சி, ஸ்பிரிங் இவையெல்லாம் ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் பழகிய சமாசாரங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

உதையின் கணக்கு

சர்வதேசப் போட்டிகளில் இன்று அனுமதிக்கப்படும் தோட்டாவில் ஈயம் 24 கிராம். சுமார் 300 சிறு குண்டுகள். அதைச் சுமக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் எரிந்த மருந்தின் புகையும் சேர்த்து, விநாடிக்கு 400 மீட்டர் போல் முன்னே பாய்கின்றன. எவ்வளவு உந்தம் முன்னே போகிறதோ அவ்வளவு பின்னேயும் வரும் என்பது நியூட்டன் விதி. 3.6 கிலோ துப்பாக்கி விநாடிக்கு ஏறக்குறைய 3.4 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வருகிறது. ஆற்றல் சுமார் 21 ஜூல். ஒரு கிலோ படிக்கல்லை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. 125 தட்டுக்கு 125 படிக்கல். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம் என்பதால் எண்ணிக்கை அதற்கும் மேலே போகும்.

என் அக்கா மகன் பயிற்சியில் சுட்டுக்கொண்டிருந்தது மலிவாகக் கிடைத்த 32 கிராம் தோட்டா. அதற்குக் கணக்குப் போட்டால் சுமார் 34 ஜூல் வருகிறது. 32இலிருந்து 24க்கு இறங்கும்போது ஈயம் கால் பங்குதான் குறைகிறது. ஆனால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வந்த லாபம் இது. துப்பாக்கியில் கை வைக்காமலேயே பாதி வைத்தியம் இதில் முடிந்துவிடுகிறது.

துப்பாக்கியில் செய்யும் மாற்றங்கள்

சுடுபவர்கள் செய்துகொள்ளும் மாற்றங்களை எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கட்டையின் அளவு. தோளில் பதியும் மரக்கட்டை ஆளுக்குத் தகுந்த நீளத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் நம்மைவிட நீண்ட கையுள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. கட்டை நீளமானால் தோள் குழியில் உட்காராமல் புஜத்தில் உட்காரும். கன்னம் பதியும் மேல் விளிம்பு சரியில்லை என்றால் ஒவ்வொரு வெடிக்கும் கன்ன எலும்பில் அறை விழும். தோளில் விழும் உதையைவிடக் கன்னத்தில் விழும் அறையைத்தான் உடல் அதிகம் வெறுக்கும். இப்போது அந்த விளிம்பை மேலும் கீழும் திருகி வைத்துக்கொள்ளும்படி அமைக்கிறார்கள்.

இரண்டாவது, ரப்பர் திண்டு. ரயில் பெட்டிகளின் முனையில் இருக்கும் பபர் என்ன வேலை செய்கிறதோ அதே வேலைதான். மோதலின் உந்தத்தை அது அழிப்பதில்லை. வாங்கும் நேரத்தை நீட்டிக்கிறது. நேரம் நீண்டால் விசை குறையும். கட்டைக்குள் ஸ்பிரிங் அல்லது எண்ணெய்க் குழல் வைத்த அமைப்புகளும் இதே தத்துவம்.

மூன்றாவது, எடை கூட்டுவது. கட்டைக்குள் பாதரசக் குழாயோ வேறு கனமோ வைக்கிறார்கள். 3.6 கிலோவை 4 கிலோ ஆக்கினால் 21 ஜூல் சுமார் 19 ஆகும். ஆனால் நாள் முழுவதும் அந்த 400 கிராமைத் தூக்கிச் சுழற்றக் கையில் வலு வேண்டும். களைத்த கையும் துணுக்கத்துக்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது, குழாயில் செய்யும் வேலைகள். முனையருகே துளைகள் போட்டுப் புகையை மேலே விடுவதும், தோட்டா அறைக்கு முன்னால் குழாய் குறுகும் இடத்தை நீட்டிக் கடைவதும் இந்த வகை. பலன் ஆளுக்கு ஆள் மாறும். துளை போட்டால் பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் கூடும். கடைந்த உலோகத்தை மறுபடி ஒட்ட முடியாது என்பதால் இதில் கடைசியாகத்தான் இறங்க வேண்டும்.

விட்டால் வெடிக்கும் விசை

ஐந்தாவது மாற்றம்தான் அக்கா மகன் மனத்தில் இருந்தது. அதற்கு 'ரிலீஸ் டிரிக்கர்' என்று பெயர். சாதாரண விசையை இழுத்தால் வெடிக்கும். இதில் இழுத்துப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். தட்டு வந்ததும் விரலை விட்டால் வெடிக்கும். இழுக்க மறுக்கும் விரல் விடுவதற்கு மறுப்பதில்லை. உடல் இத்தனை நாள் உதையோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருப்பது 'இழுத்தல்' என்ற செயலை. 'விடுதல்' அதற்குப் புதிது. அமெரிக்காவில் டிராப் ஆட்டத்தில் விரல் உறைந்துபோன எத்தனையோ மூத்தவர்கள் இந்த விசையால் மறுபடியும் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். எனவே இதைப் பயனற்றது என்று தள்ள முடியாது.

ஆனால் ரயில்வேக்காரனான என் கண்ணில் வேறொன்று பட்டது. புறநகர் மின்சார ரயிலின் ஓட்டுநர் கையில் ஒரு பிடி இருக்கும். அவர் மயங்கி விழுந்து கை தளர்ந்தால் பிரேக் தானே பிடித்து வண்டி நின்றுவிடும். பழைய கைகாட்டியும் அப்படித்தான். இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானாக 'நில்' என்ற நிலைக்குப் போகும். ஏதாவது தவறினால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். இந்த விசையோ நேர்மாறு. கை தளர்ந்தால், கால் இடறினால், குளவி கொட்டினால் வெடித்துவிடும்! தட்டு வராமல் போனாலோ உடைந்து வந்தாலோ, விரலை எடுக்காமல் பிடித்தபடியே துப்பாக்கியை மடித்துத் திறக்க வேண்டும். விஷயம் தெரியாத ஒருவர் அந்தத் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் அதைப் பயன்படுத்துகிறவர்கள் கட்டையில் எச்சரிக்கை வில்லை ஒட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது.

ஒலிம்பிக், உலகக் கோப்பை ஆகியவற்றை நடத்தும் சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிகள் இந்த விசையை அனுமதிப்பதில்லை. நம் நாட்டில் அந்த விதிகளின்படி ஆடும் பிள்ளை இதைப் பொருத்திக்கொண்டால் போட்டிக்கே போக முடியாது. இதை எடுத்துச் சொன்னதும் அக்கா மகன் அந்த எண்ணத்தை விட்டான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக் குழாயை உரிமமின்றி வெட்டிக் குறைப்பது குற்றம். பழுது பார்ப்பதும் மாற்றுவதும் உரிமம் பெற்ற கடையில்தான் நடக்க வேண்டும். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளும் விஷயமல்ல. வெளிநாடுகளில் வாழும் அன்பர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காதுதான் முதல் வாசல்

உதையைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் துணுக்கத்துக்கு உதை எவ்வளவு காரணமோ அவ்வளவு சத்தமும் காரணம். பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் வெடிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட திடீர் ஓசை ஒரே தடவையில்கூடக் காதுக்குக் கெடுதல் செய்யக்கூடியது. கெட்ட காது திரும்ப வராது. ரயில்வே பாய்லர் பட்டறைகளில் ரிவெட் அடித்தவர்களும், சுரங்கத்தில் துளைக்கருவி பிடித்தவர்களும் ஓய்வு பெற்றபின் பேரன் கூப்பிடுவதே கேட்காமல் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் காதடைப்பான் கொடுப்பாரில்லை. இன்று கடையில் கிடைக்கிறது. போடாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

காதுக்குள் அடைப்பான், அதற்கு மேலே கவசம் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால், காது பிழைப்பது மட்டுமல்ல, துணுக்கமும் கணிசமாகக் குறைகிறது. அக்கா மகன் அதுவரை சின்ன அடைப்பான் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

என்ன செய்தோம்

அவன் டில்லி திரும்பியதும் செய்தவை இவை. முதல் மூன்று வாரம் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. வீட்டில் வெறும் துப்பாக்கியில் டம்மித் தோட்டா போட்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, விசையை இழுத்த பிறகும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம். தினம் ஐம்பது முறை. பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கட்டையை அளந்தார்கள். நீளத்தைக் குறைத்து, நல்ல திண்டு பொருத்தி, கன்னம் பதியும் விளிம்பைச் சரி செய்தார்கள். 24 கிராம் தோட்டா மட்டும். காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு. சுடுதளத்துக்குப் போனதும் ஒரு நாளைக்கு ஒரு சுற்று, அதாவது 25 தட்டு, அதற்கு மேல் இல்லை. நண்பர் ஒருவர் நடுநடுவே டம்மி போட்டுக் கொடுப்பார். எத்தனை உடைந்தது என்று எண்ணக் கூடாது. தலை தூக்கியதா இல்லையா என்பதை மட்டும் எண்ண வேண்டும்.

இரண்டு மாதத்தில் தலை தூக்கிப் போடுவது பெரும்பாலும் நின்றது. எண்ணிக்கை மறுபடி 19, 20 என்று ஏறியிருக்கிறது. முழுவதும் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. களைத்த நாளில், பந்தயத்தின் கடைசிச் சுற்றில், பழைய விருந்தாளி மாதிரி எட்டிப் பார்க்கிறது என்கிறான். "வந்தா வந்துட்டுப் போவட்டும், மாமா. அன்னிக்கு அதோட நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிடறேன்" என்றான். அப்படி எடுத்துக்கொள்ள அவன் கற்றதைத்தான் நான் பெரிய தேர்ச்சியாக நினைக்கிறேன்.

பெற்றோருக்கு

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் இந்த ஆட்டத்துக்குப் போனால், கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ளுங்கள். முதல் நாளே பெரிய தோட்டாவைக் கொடுத்து 'ஆம்பளையா இருந்தா சுடு' என்று உசுப்பும் ஆசிரியரிடம் பிள்ளையை விடாதீர்கள். அன்று விழும் முதல் அடியை உடல் பல வருடம் ஞாபகம் வைத்திருக்கும். காதுக் கவசத்தைத் துப்பாக்கிக்கு முன்னால் வாங்குங்கள். கட்டையை அளந்து வாங்குங்கள். வளரும் பிள்ளைக்கு வருடா வருடம் அளவு மாறும். எண்ணிக்கை திடீரென்று இறங்கினால், 'கவனம் இல்லை' என்று திட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

முக்கியமாக, துணுக்கம் வந்த பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். வெட்கப்பட்டவன் அதை மறைப்பான். மறைப்பவன் இன்னும் அதிகம் சுட்டு அதை இன்னும் ஆழமாகப் பதித்துக்கொள்வான். சொல்லிக்கொள்ள ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் பாதி குணமாகும். இது துப்பாக்கிக்கு மட்டுமல்ல. மேடையில் வாய் குழறும் பிள்ளைக்கும், ஒருமுறை விழுந்தபின் சைக்கிள் ஏற மறுக்கும் பிள்ளைக்கும் பொருந்தும்.

வரும் தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பையன் திரியைத் தொடும் முன்பே ஓடினால், ஒரு நீளமான ஊதுவத்திக் குச்சியைக் கையில் கொடுத்து, காதில் பஞ்சு வைத்து, பக்கத்தில் நில்லுங்கள்.